சொந்தக் கிட்டார் கட்டுகிறீர்களா? முதலில் பிரிட்ஜை முடிவு செய்யுங்கள்

போன மாதம் மட்டும் மூன்று பேர் எனக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி படத்தை அனுப்பினார்கள். ஒரு மேசை, அதன் மேல் பெயின்ட் அடிக்காத ஸ்ட்ராட் பாடி, பக்கத்தில் மேப்பிள் நெக், பாலிதீன் பைக்குள் ஒரு பிரிட்ஜ் (கம்பிகள் பாடியில் வந்து உட்காரும் உலோகப் பாகம்). கூடவே ஒரே கேள்வி: "அண்ணா, எல்லாமே ஸ்ட்ராட்டுக்குன்னு சொல்லித்தான் வித்தாங்க, அப்புறம் ஏன் ஒன்னோட ஒன்னு சேர மாட்டேங்குது?"

ஏனென்றால் 'ஸ்ட்ராட்' என்பது ஒரு வடிவத்தின் பெயர்தான், அளவின் பெயர் இல்லை. ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது 1954-இல். இந்த எழுபது வருடத்தில் அதே வடிவத்துக்குள் பிரிட்ஜ் மட்டுமே பல அளவுகளில் வந்துவிட்டது, ஃபெண்டரே இரண்டு மூன்று அளவு வைத்திருக்கிறது, மற்ற நிறுவனங்களைக் கேட்கவே வேண்டாம்.

கிட்டார் கட்டுபவர்கள் பெரும்பாலும் மரத்தையும் நிறத்தையும்தான் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த ஆசை எனக்குப் புரிகிறது, கனவில் வருவது பாடிதானே. ஆனால் பாடியில் எங்கே குடைவது, நெக் எந்தக் கோணத்தில் உட்காருவது, பிக்கப்பில் 'போல்' (ஒவ்வொரு கம்பிக்கும் கீழே உள்ள காந்த முனை) இடைவெளி எவ்வளவு, சில சமயம் நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் பள்ளமிட்ட துண்டு) என்ன வகை என்பது வரைக்கும் தீர்மானிப்பது பிரிட்ஜ். அதனால் பிரிட்ஜை முதலில் முடிவு செய்துவிட்டு மற்றதை அதற்கேற்ப வாங்குங்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்வது. ஸ்க்ரூவில் மாட்டும் ஃபெண்டர் வகை நெக் வைத்துக் கட்டுபவர்களுக்கு நடைமுறையில் ஐந்து வழி இருக்கிறது: ஹார்ட்டெயில், ஆறு ஸ்க்ரூ ட்ரெமோலோ (கைப்பிடியால் அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் பிரிட்ஜ்), இரண்டு போஸ்ட் ட்ரெமோலோ, டியூனோமேட்டிக், ஃப்ளாய்ட் ரோஸ். இந்த ஐந்தையும்தான் இங்கே ஒப்பிடப் போகிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஸ்கேல். நட்டில் இருந்து 12ஆவது ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் வருவது. ஃபெண்டருக்கு 25.5 இன்ச், அதாவது 648 மிமீ. கிப்சன் 24.75 இன்ச் என்று சொல்லும், பிஆர்எஸ் 25. நெக்கில் ஃப்ரெட் வெட்டியிருக்கும் கணக்குக்குத்தான் பிரிட்ஜ் உட்கார வேண்டும். 25.5-க்கும் 24.75-க்கும் நடுவில் 19 மிமீ வித்தியாசம், சாடிலை (பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சின்னத் துண்டு) திருகி இதைச் சரிசெய்ய முடியாது. கிப்சன் ஸ்கேல் வேண்டும், ஆனால் பாடி ஃபெண்டர் வகை என்றால் 'கன்வர்ஷன் நெக்' என்று தனியாகவே விற்கிறார்கள். பிரிட்ஜை நகர்த்தாமலே ஸ்கேல் சரியாக வரும்படி செய்த நெக் அது.

கம்பி இடைவெளி. அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். தடித்த ஈ கம்பியின் மையத்தில் இருந்து மெல்லிய ஈ கம்பியின் மையம் வரை பிரிட்ஜில் உள்ள தூரம் இது. சாடில்கள் ஒட்டி ஒட்டி உட்காரும் பிரிட்ஜ் என்றால் ஒரு சாடிலின் அகலத்தை ஐந்தால் பெருக்கினால் போதும். 11.2 மிமீ சாடில் என்றால் 56, 10.5 மிமீ சாடில் என்றால் 52.5. வெறும் மூன்றரை மிமீ வித்தியாசம்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 42 மிமீ நட்டில் கம்பிகள் சுமார் 35 மிமீ அகலத்துக்குப் பரவியிருக்கும், அங்கிருந்து விரிந்துகொண்டே வந்து 21ஆவது ஃப்ரெட் பக்கத்தில், 56 மிமீ பிரிட்ஜ் என்றால், கிட்டத்தட்ட 50 மிமீ ஆகிவிடும். நெக்கின் அகலம் அந்த இடத்தில் 56 மிமீ. ஆக, இரண்டு பக்கமும் 3 மிமீதான் மிச்சம், அதிலும் ஃப்ரெட்டின் முனையைச் சாய்த்து அராவியதில் ஒரு மிமீ போய்விடும். 52.5 மிமீ பிரிட்ஜ் என்றால் பக்கத்துக்கு 4 மிமீக்கு மேல் கிடைக்கும். கம்பியை இழுத்து வாசிப்பவருக்கு இந்த ஒரு மிமீ பெரிய விஷயம்.

உயரமும் கோணமும். ஃபெண்டர் வகை நெக்கின் அடிப்பகுதி 1 இன்ச் தடிமன், பாடியில் அது உட்காரும் குழி 5/8 இன்ச் ஆழம். மீதி 3/8 இன்ச், அதாவது 9.5 மிமீ, ஃப்ரெட்போர்டு பாடிக்கு மேலே நிற்கும். அதற்கு ஃப்ரெட்டையும் ஆக்‌ஷனையும் (கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளி) சேர்த்தால் பிரிட்ஜில் கம்பி பாடியில் இருந்து 12, 13 மிமீ உயரத்தில் ஓட வேண்டும். எந்த பிரிட்ஜ் அந்த உயரத்துக்கு இறங்கும், எது இறங்காது என்று பார்க்க வேண்டும்.

ரேடியஸ். ஃப்ரெட்போர்டின் வளைவு. 7.25, 9.5, 12, 16 இன்ச் என்று வரும், எண் கூடினால் தட்டையாகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு சாடிலையும் தனித்தனியாக ஏற்றி இறக்க முடிகிற பிரிட்ஜில் இது பிரச்சினையே இல்லை, மற்றதில் பிரச்சினை.

மரவேலை. என்ன குடைய வேண்டும், உங்களிடம் ரவுட்டரும் ட்ரில் பிரஸும் இருக்கிறதா, தப்பு நடந்தால் மறைக்க முடியுமா.

பின்னால் வரும் செலவு. பிரிட்ஜின் விலை ஒரு பக்கம். அது இழுத்துக்கொண்டு வரும் நட், ட்யூனர், ஸ்பிரிங், கருவிகள், சுங்க வரி எல்லாம் இன்னொரு பக்கம்.

## ஹார்ட்டெயில்

அசையாத பிரிட்ஜ். ஒரு உலோகத் தட்டு, அதன் மேல் சாடில்கள், கம்பி பாடியின் பின்பக்கம் இருந்து துளை வழியாக ஏறி வரும். முதல் தடவை கட்டுகிறீர்கள் என்றால் யோசிக்காமல் இதையே எடுங்கள்.

ஸ்ட்ராட் வடிவத்துக்கு வரும் ஹார்ட்டெயில் 52.5-இலும் கிடைக்கிறது, 56-இலும் கிடைக்கிறது. ரேடியஸ் எதுவாக இருந்தாலும் சரிக்கட்டலாம். ஸ்பிரிங் இல்லை, குழி இல்லை. ஒரு கம்பி அறுந்தாலும் மற்ற ஐந்தும் சுருதியில் நிற்கும், கச்சேரி மேடையில் இதன் அருமை தெரியும். ட்யூனிங்கை மாற்றி மாற்றி வாசிப்பவர்களுக்கும் இதுதான் நல்லது.

டெலி (ஃபெண்டர் டெலிகாஸ்டர்) வகை பிரிட்ஜும் இதே குடும்பம்தான், ஆனால் அதில் ஒரு பிக்கப் பிரிட்ஜ் தட்டோடு சேர்ந்தே தொங்கும், அதனால் பாடியின் குடைவும் வேறு. பழைய வகை டெலி பிரிட்ஜின் பின்னோரத்தில் 4 ஸ்க்ரூ, பித்தளை சாடில் மூன்று, கம்பி இடைவெளி 54 மிமீ. புது அமெரிக்கன் வகையில் 3 ஸ்க்ரூ, சாடில் ஆறு. ஒன்றின் துளை மற்றதுக்குப் பொருந்தாது. மூன்று சாடில் வகையில் இரண்டு கம்பிக்கு ஒரு சாடில் என்பதால் இன்டோனேஷன் (நெக் முழுக்கச் சுருதி சரியாக இருப்பது) முழுதாகச் சரியாக வராது, அதைப் பாதி சரிக்கட்ட சாய்வாக வெட்டிய சாடில் செட் தனியாகக் கிடைக்கிறது.

மறைந்திருக்கும் செலவு என்றால் இரண்டு. பின்பக்கம் தெரியும் அந்த ஆறு துளையும் ஒரே நேர்கோட்டில் வர ட்ரில் பிரஸ் வேண்டும், கையில் பிடித்துப் போட்டால் பின்னால் பல்வரிசை கோணலாகத் தெரியும். அப்புறம் பிரிட்ஜுக்கு எர்த் கம்பி. கன்ட்ரோல் குழியில் இருந்து பிரிட்ஜின் அடிக்கு ஒரு நீளத் துளை போட்டு கம்பியைக் கொண்டு வர வேண்டும். ட்ரெமோலோ என்றால் இந்தக் கம்பியைப் பின்னால் ஸ்பிரிங் மாட்டும் தட்டில் பற்றவைத்துவிடலாம், இங்கே அந்த வசதி இல்லை. இதை மறந்துவிட்டு பாலிஷ் எல்லாம் போட்டு முடித்தபின் நினைவு வந்தவர்கள் நிறைய.

ஏற்கனவே ட்ரெமோலோ குழி போட்ட பாடியை வாங்கிவிட்டீர்கள், ஆனால் அசையாத பிரிட்ஜ்தான் வேண்டும் என்றால் பாடியை மாற்ற வேண்டாம். ட்ரெமோலோ பிளாக்குக்கும் (பிரிட்ஜுக்குக் கீழே உள்ள உலோகக் கட்டி) குழியின் சுவருக்கும் நடுவில் ஒரு கெட்டி மரத்துண்டை இறுக்கமாகச் செருகினால் போதும். எரிக் கிளாப்டனின் ஸ்ட்ராட்களில் இருப்பது இந்த ஏற்பாடுதான்.

## ஆறு ஸ்க்ரூ ட்ரெமோலோ

1954-இல் ஸ்ட்ராட்டோடு வந்த ஆதி வடிவம். அளவுக் குழப்பம் அதிகம் இருப்பதும் இதில்தான்.

பழைய அளவில் வெளிப்பக்க இரண்டு ஸ்க்ரூக்களுக்கு நடுவில் 56 மிமீ, கம்பி இடைவெளியும் 56. பிற்பாடு வந்த சிறிய அளவில் இரண்டுமே 52.5. பார்ப்பதற்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். விற்பவர் 'விண்டேஜ் ஸ்டைல்' என்று எழுதியிருந்தால் அது தோற்றத்தைப் பற்றிய பேச்சு, அளவைப் பற்றியது இல்லை. வெர்னியர் வைத்து எடுத்த அளவோ வரைபடமோ இல்லாமல் வாங்காதீர்கள்.

நான் கட்டிய முதல் கிட்டாரில் நடந்தது இது. துளை போட்டே வந்த பாடி, ஒரு கடையில் வாங்கினேன், 52.5. பிரிட்ஜ் வேறு இடத்தில் வாங்கியது, 56. நடு ஸ்க்ரூ இரண்டும் உள்ளே போனது, வெளி ஸ்க்ரூ இரண்டும் துளையின் விளிம்பில் ஏறி நின்றது. பழைய ஆறு துளையையும் கெட்டி மரக் குச்சியும் ஃபெவிகாலும் வைத்து அடைத்து, ஒரு ராத்திரி காயவிட்டு, மறுநாள் புதுத் துளை போட்டேன். மாற்றுத் துளை பழைய துளைக்குப் பாதி மேலேயும் பாதி வெளியேயும் வந்ததால் ட்ரில் பிட் மெத்தென்ற பக்கமாக வழுக்கியது, பிரிட்ஜ் மொத்தமும் மெல்லிய ஈ பக்கம் ஒரு மிமீ தள்ளி உட்கார்ந்தது. கம்பி மாட்டி வாசித்தால் 15ஆவது ஃப்ரெட்டுக்கு மேலே விரலை லேசாக அசைத்தாலே அந்தக் கம்பி ஃப்ரெட்டின் ஓரம் வழியாக நழுவி நெக்கின் பக்கவாட்டில் 'டக்'கென்று விழும். கடைசியில் நெக்கின் நான்கு ஸ்க்ரூவையும் அரைச் சுற்று தளர்த்தி, கம்பி மாட்டியபடியே நெக்கை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டு இறுக்கினேன், குழியில் இருந்த சின்ன இடைவெளி காப்பாற்றியது. அந்த இடைவெளி இல்லாத இறுக்கமான குழியாக இருந்திருந்தால் பாடியை மறுபடி குடைய வேண்டியிருந்திருக்கும்.

இரண்டாவது பொறி பிளாக். பிரிட்ஜுக்குக் கீழே பாடிக்குள் இறங்கும் உலோகக் கட்டி அது. நிஜமான ஸ்ட்ராட் பாடி 1-3/4 இன்ச், சுமார் 44.5 மிமீ தடிமன். விலை குறைந்த பாடிகள் பல இதைவிட மெலிதாக இருக்கும், அதற்கென்றே 36 மிமீ பக்கம் குட்டையான பிளாக் வருகிறது. மெலிந்த பாடியில் முழு உயர பிளாக்கை மாட்டினால் அது பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும், பின் மூடியை மாட்ட முடியாது.

கம்பி இடைவெளி பிக்கப்பையும் தொடும். சாதா ஹம்பக்கரில் (இரட்டைச் சுருள் பிக்கப்) போல்கள் 49, 50 மிமீ அகலத்தில் இருக்கும், ஃபெண்டர் வகைக்கு என்று செய்தவை 52, 53. 56 மிமீ பிரிட்ஜில் ஓடும் கம்பிகள் பிரிட்ஜ் பிக்கப்புக்கு மேலே சுமார் 55 மிமீ அகலத்தில் இருக்கும், 49 மிமீ ஹம்பக்கர் வைத்தால் வெளிக் கம்பி இரண்டும் போலில் இருந்து 3 மிமீ தள்ளிப் போகும். எடி வான் ஹேலன் தன் புகழ்பெற்ற சிவப்பு வெள்ளை கருப்பு கிட்டாரை இப்படித்தான் பல இடத்துப் பாகங்களில் சேர்த்தார். பாடி 50 டாலர், நெக் 80 டாலர், பிக்கப் ஒரு கிப்சன் ஈஎஸ்-335-இல் இருந்து கழற்றியது. பிரிட்ஜ் ஃபெண்டர் அளவு, பிக்கப் கிப்சன் அளவு. அவர் அந்த பிக்கப்பைச் சாய்த்து வைத்தார், சாய்த்தால் வெளிப் போல்கள் கம்பிகளுக்கு நேராக வரும். இப்போது நமக்கு அகலமான ஹம்பக்கர் கடையிலேயே கிடைக்கிறது, வாங்கும்போது எந்த அளவு என்று கேட்டால் போதும்.

யாருக்கு இது? பழைய ஸ்ட்ராட்டின் கை உணர்வு வேண்டும் என்பவர்களுக்கு, லேசாக அசைத்து வாசிப்பவர்களுக்கு. உதிரி பாகம் எங்கேயும் கிடைக்கும். சுருதி நிற்க வேண்டுமானால் நட்டில் பள்ளம் ஒழுங்காக வெட்டியிருக்க வேண்டும், அதற்கு நட் அரம் செட் அல்லது வெட்டித் தரும் ஆள் வேண்டும். அந்தச் செலவை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

## இரண்டு போஸ்ட் ட்ரெமோலோ

ஃபெண்டர் இதை 1987-இல் அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் ஸ்ட்ராட்டில் கொண்டு வந்தது. ஆறு ஸ்க்ரூவுக்குப் பதில் இரண்டு தூண், அதில் கத்திமுனை மாதிரி விளிம்பு சாய்ந்து ஆடும். உராய்வு குறைவு, அதனால் சுருதிக்குத் திரும்பி வருவது நன்றாக இருக்கும். கம்பி இடைவெளி பெரும்பாலும் 52.5 முதல் 54-க்குள், நெக் ஓரத்தில் இடம் தாராளம்.

போஸ்ட் மையத்தில் இருந்து மையம் 56 மிமீ என்பது பொதுவான அளவு, கோட்டோ, வில்கின்சன் மாடல்கள் பலவும் இதிலேயே வருவதால் பின்னால் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. 74 மிமீ அளவிலும் சில உண்டு. போஸ்ட் உட்காரும் உலோகப் புஷ்ஷிங்கின் விட்டம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அதனால் பிரிட்ஜ் கையில் வரும் வரை அந்தத் துளையைப் போட வேண்டாம். புஷ்ஷிங் தளர்வாக உட்கார்ந்தால் கம்பிகளின் இழுப்பில் போஸ்ட் முன்பக்கம் சாயும். பாடி மென்மையான மரம் என்றால், பாஸ்வுட் மாதிரி, இது இன்னும் கவனம்.

ட்ரெமோலோ வேண்டும் என்று உறுதியாகத் தெரிந்தவருக்கு என் முதல் தேர்வு இதுதான். ஆனால் ஆறு ஸ்க்ரூ துளை ஏற்கனவே போட்ட பாடியில் இதை மாற்றி வைப்பது தேவையில்லாத வேலை. துளையே போடாத பாடி வாங்குபவருக்குத்தான் இந்தப் பரிந்துரை.

## டியூனோமேட்டிக்

கிப்சன் வகை. லெஸ் பால் சத்தமும் தோற்றமும் பிடித்தவர்கள் ஃபெண்டர் வகை பாடியில் இதை வைக்க ஆசைப்படுகிறார்கள். வைக்கலாம். ஆனால் ஐந்திலும் கணக்கு அதிகம் போட வேண்டியது இதற்குத்தான்.

மேலே சொன்ன 12, 13 மிமீ நினைவிருக்கிறதா? டியூனோமேட்டிக்கை எவ்வளவு இறக்கினாலும் கம்பி பாடியில் இருந்து கிட்டத்தட்ட 17 மிமீ உயரத்தில்தான் நிற்கும். ஐந்து மிமீ அதிகம். நெக் குழி தட்டையாக இருந்தால் 12ஆவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் 4 மிமீக்கு மேல் இடைவெளி வந்துவிடும். இதற்கு மூன்று வழி: நெக் குழியைச் சாய்வாகக் குடைவது (நெக் முடியும் இடத்தில் இருந்து பிரிட்ஜ் வரை 190 மிமீ சொச்சம், அதில் 5 மிமீ ஏற சுமார் ஒன்றரை டிகிரி வேண்டும்), அல்லது குழியின் ஆழத்தைக் குறைத்து நெக்கையே உயர்த்துவது, அல்லது பிரிட்ஜ் நிற்கும் இடத்தில் பாடியைக் குடைந்து பிரிட்ஜை உள்ளே தாழ்த்துவது. நெக்கின் அடியில் வைக்கும் மெல்லிய சாய்வு ஷிம் கடையில் கிடைக்கிறது, ஒரு டிகிரி பக்கம் வரை அது உதவும், மீதியை மரவேலைதான் செய்ய வேண்டும்.

ரேடியஸும் பாருங்கள். டியூனோமேட்டிக் 12 இன்ச் வளைவுக்குச் செய்தது, சாடில்களைத் தனித்தனியாக ஏற்ற முடியாது. 7.25 இன்ச் நெக்கில் வைத்தால் வெளிக் கம்பியும் நடுக் கம்பியும் ஒன்றுக்கொன்று 0.7 மிமீ பிசகும், ஆக்‌ஷனே ஒன்றரை இரண்டு மிமீதான் என்னும்போது இது கைக்கு நன்றாகத் தெரியும். 12 இன்ச் நெக் வாங்கிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

நல்ல விஷயமும் உண்டு. பல டியூனோமேட்டிக்குகளில் சாடில் பள்ளம் வெட்டாமலே வரும், கம்பி எங்கே ஓட வேண்டும் என்று நாமே பார்த்து அராவிக்கொள்ளலாம். இடைவெளி 50, 52 மிமீ என்று வருவதால் சாதா ஹம்பக்கர் இதற்கு அப்படியே பொருந்தும். கன்வர்ஷன் நெக்கோடு சேர்த்துக் கட்டினால் கிப்சன் கையுணர்வு ஃபெண்டர் பாடியில் வந்துவிடும். வரைபடம் போட்டு வேலை செய்யப் பிடித்தவர்களுக்கு நல்ல தேர்வு. தயாராக விற்கும் தட்டையான ஸ்ட்ராட் பாடியில் இதை வைக்க நினைப்பவர்களை நான் தடுத்துவிடுவேன்.

## ஃப்ளாய்ட் ரோஸ்

நட்டிலும் பிரிட்ஜிலும் கம்பியைப் பூட்டிவிடும் ட்ரெமோலோ, காப்புரிமை 1979-இல். கம்பி தொளதொளவென்று தொங்கும் வரை அமுக்கி விட்டாலும் சுருதிக்குத் திரும்பி வரும். மெட்டல் வாசிப்பவர், அந்த வித்தைகள் வேண்டும் என்பவர், இதற்கு மாற்று தேட வேண்டாம்.

போஸ்ட் இடைவெளி சுமார் 74 மிமீ, கம்பி இடைவெளி 53. ரேடியஸ் 12 இன்ச் பக்கம், அதனால் 12 முதல் 16 வரை உள்ள நெக்கே ஏற்றது. நெக்கில் நட் இருக்கும் இடத்தைப் பூட்டும் நட்டுக்காகத் தட்டையாக வெட்டியிருக்க வேண்டும், நட்டின் அகலமும் ஆர்2 என்றால் 41.3 மிமீ, ஆர்3 என்றால் 42.9 மிமீ. ஆக, நெக்கை ஆர்டர் செய்யும்போதே ஃப்ளாய்ட் என்று சொல்லியிருக்க வேண்டும். சாதா நட்டுக்கு வெட்டிய நெக்கைப் பின்னால் இதற்கு மாற்றலாம், ஆனால் மறுபடி சாதா நட்டுக்குத் திரும்புவது சிரமம். பிளாக்கும் 32, 37, 42 மிமீ என்று பல உயரத்தில் வரும், பாடியின் தடிமனைப் பார்த்து எடுங்கள். சாதா ஸ்ட்ராட் குழி இதற்குப் போதாது, அகலப்படுத்த வேண்டும். மேலே இழுக்கவும் வேண்டும் என்றால் பின்பக்கம் பள்ளமும் குடைய வேண்டும்.

தினசரிச் செலவு நேரம்தான். கம்பி மாற்ற வேண்டுமானால் உருண்டை முனையை வெட்டி, ஆலன் கீயால் கவ்வி, ஆறையும் திரும்பத் திரும்பச் சுருதி சேர்த்து, ஸ்பிரிங்கைச் சமன் செய்ய வேண்டும். 9-இல் இருந்து 10 கேஜுக்கு (கம்பியின் தடிமன்) மாறினாலே ஸ்பிரிங் வேலை மறுபடி முதலில் இருந்து. விலை குறைந்த நகல்களில் கத்திமுனை சீக்கிரம் மழுங்கிவிடும், அப்படி மழுங்கினால் இந்த பிரிட்ஜின் மொத்தப் பயனும் போச்சு. அசலுக்குக் காசு இல்லையென்றால் ஃப்ளாய்ட் வேண்டாம், அதே காசில் நல்ல இரண்டு போஸ்ட் வாங்குங்கள்.

## ஒரே பார்வையில்

| பிரிட்ஜ் | கம்பி இடைவெளி | அளந்தே ஆக வேண்டியது | நெக்குக்கு நிபந்தனை | மரவேலை | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|---|
| ஹார்ட்டெயில் | 52.5 முதல் 56 மிமீ | ஸ்க்ரூ துளை, பின்பக்கத் துளை | இல்லை | குறைவு | ட்ரில் பிரஸ், எர்த் துளை |
| ஆறு ஸ்க்ரூ | 56 அல்லது 52.5 மிமீ | வெளி ஸ்க்ரூ தூரம், பிளாக் உயரம் | 56 என்றால் நெக் நடுவில் உட்கார வேண்டும் | நடுத்தரம் | நட் வேலை |
| இரண்டு போஸ்ட் | 52.5 முதல் 54 மிமீ | போஸ்ட் தூரம் (56 அல்லது 74), புஷ்ஷிங் விட்டம் | இல்லை | நடுத்தரம், துல்லியம் வேண்டும் | நல்ல ட்யூனர், நட் |
| டியூனோமேட்டிக் | 50 முதல் 52 மிமீ | உயரம், நெக் கோணம் | 12 இன்ச் ரேடியஸ் | அதிகம் | ஷிம், குழி வேலை, சாடில் அராவல் |
| ஃப்ளாய்ட் ரோஸ் | சுமார் 53 மிமீ | போஸ்ட் 74 மிமீ, பிளாக், நட் அகலம் | பூட்டும் நட் இடம், 12 முதல் 16 இன்ச் ரேடியஸ் | மிக அதிகம் | ஸ்பிரிங், நேரம், தரமான பாகம் |

சென்னையில் இருப்பவன் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். கடல் காற்றும் கை வேர்வையும் சேர்ந்தால் சாடிலின் உயரம் மாற்றும் அந்தச் சின்ன கிரப் ஸ்க்ரூக்கள் துருப்பிடித்து ஆலன் கீ தலை உருண்டுவிடும். எந்த பிரிட்ஜ் எடுத்தாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ செட் ஒன்றைச் சேர்த்தே ஆர்டர் போடுங்கள், பின்னால் நாலு ஸ்க்ரூவுக்காகத் தனியாக ஷிப்பிங் கட்ட வேண்டி வரும்.

## மற்ற பாகங்கள், சுருக்கமாக

நெக் குழியின் அகலம் ஃபெண்டர் வகையில் 2-3/16 இன்ச், சுமார் 56 மிமீ. ஸ்ட்ராட் நெக்கின் அடி வளைவாக இருக்கும், டெலி நெக்கின் அடி சதுரம். ஸ்ட்ராட் நெக் டெலி குழியில் உட்காரும், மூலையில் கொஞ்சம் இடைவெளி தெரியும், அவ்வளவுதான். டெலி நெக்கை ஸ்ட்ராட் குழியில் வைத்தால் மூலை முட்டும்.

ட்யூனர் துளை இக்காலத்து வகைக்கு 10 மிமீ, பழைய வகைக்கு 8.7 மிமீ பக்கம். பெரிய துளையில் பழைய வகை ட்யூனர் வைக்க மாற்றுப் புஷ்ஷிங் கிடைக்கிறது. சின்னத் துளையைப் பெரிதாக்க வேண்டுமானால் ரீமர் வைத்துக் கையால் சுற்றுங்கள், மெஷின் ட்ரில் வேண்டாம், ஹெட்ஸ்டாக் பிளந்துவிடும்.

'பாட்' (குமிழுக்கு அடியில் இருந்து சத்தத்தையும் டோனையும் கூட்டிக் குறைக்கும் பாகம்) இரண்டு ஜாதி. அமெரிக்க வகைக்கு 9.5 மிமீ துளை, 24 பல். மெட்ரிக் வகைக்கு 8 மிமீ அல்லது அதற்கும் சின்னத் துளை, 18 பல். குமிழ் வாங்கும்போது இதைப் பார்க்காவிட்டால் ஒன்று ஏறாது, இல்லை சுற்றிக்கொண்டே இருக்கும். மதிப்பு சிங்கிள் காயிலுக்கு 250 கே (கிலோ ஓம்), ஹம்பக்கருக்கு 500 கே. பிக்கார்டும் (பாடியின் முன்பக்கத் தட்டு) அப்படித்தான், ஐம்பதுகளின் வகைக்கு 8 ஸ்க்ரூ, பின்னால் வந்ததற்கு 11.

வேறு வேறு நிறுவனத்தின் பிக்கப்புகளைக் கலக்கிறீர்கள் என்றால் ஃபேஸ் (இரண்டின் சிக்னலும் ஒரே திசையில் போகிறதா என்பது) பார்த்துவிடுங்கள். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து பிக்கப்போடு இணைத்து, ஒரு இரும்பு ஸ்க்ரூடிரைவரைப் போலில் ஒட்டவைத்துச் சட்டென்று இழுங்கள். அளவு ஒரு பிக்கப்பில் ஏறி இன்னொன்றில் இறங்கினால் இரண்டையும் சேர்த்துப் போடும்போது சத்தம் மெலிந்து மூக்கால் பேசுவது மாதிரி வரும். ஒன்றின் இரண்டு கம்பியையும் மாற்றிப் பற்றவைத்தால் சரியாகிவிடும், ஆனால் எர்த்தும் உலோக மூடியும் ஒரே கம்பியில் சேர்ந்த பழைய வகை ஹம்பக்கரில் அப்படி மாற்ற முடியாது.

## துளை போடும் முன்

எந்த பிரிட்ஜ் எடுத்தாலும் இதை மட்டும் செய்யுங்கள். நெக்கை ஸ்க்ரூ போட்டு முழுதாக மாட்டுங்கள். பிரிட்ஜை இரட்டைப் பக்க டேப்பில் பாடியில் ஒட்டுங்கள், மெல்லிய ஈ சாடிலை அதன் ஓட்டத்தில் முன்பக்கமாகக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நட்டில் இருந்து அந்தச் சாடில் வரை ஸ்கேல் நீளம் சரியாக இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள், மற்ற சாடில்கள் பின்னால் போக இடம் மிச்சம் இருக்க வேண்டும். இப்போது தையல் நூல் இரண்டு எடுத்து, இரண்டு ஈ கம்பிகளின் ட்யூனரில் கட்டி, நட் பள்ளம் வழியாக இழுத்து, சாடில் மேலே கொண்டுபோய் பாடியின் பின்னால் டேப் ஒட்டிவிடுங்கள். நேர் மேலே இருந்து பாருங்கள், ஒரு கண்ணை மூடிக்கொண்டு. 21ஆவது ஃப்ரெட்டில் இரண்டு நூலுக்கும் வெளியே மிச்சம் இருக்கும் இடம் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 4 மிமீ, மறுபக்கம் 2 மிமீ என்றால் பிரிட்ஜை 4 மிமீ பக்கமாகச் சுமார் 1.4 மிமீ நகர்த்தி மறுபடி பாருங்கள். இரண்டும் சமமாக வந்தபின் பென்சிலால் துளைகளைக் குறித்து, பிரிட்ஜை எடுத்துவிட்டு, ஊசி முனையால் மையத்தைக் குத்தி, ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து திரும்ப ஒரு தடவை அளங்கள். ட்ரில்லை அதற்கு அப்புறம் எடுக்கலாம்.